கண்டி ஓரத்தில் ஒரு வீடு: பெரிய குடும்பம் தோட்டத்தை விட்டு வரும்போது போட வேண்டிய கணக்குகள்

"கண்டிக்குக் கிட்ட பேர்ச் விலை குறைந்த இடம் எது?" மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டுப் பேச்சு எடுத்தாலே இப்போது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, மழை கனத்தால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கும் குடும்பங்கள் நிறைய. அதற்கு வெகுகாலம் முன்பே பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஹட்டன், தலவாக்கலை, புசல்லாவைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் நகர ஓரங்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தனி ஆள் வருவதும், புதுமணத் தம்பதி வருவதும் ஒரு மாதிரி. ஏழு பேர், ஒன்பது பேர் என்று மூன்று தலைமுறை ஒன்றாக வருவது முற்றிலும் வேறு. பேர்ச் விலை அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே. தினமும் எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே போகிறார்கள், தோட்டத்தில் காசில்லாமல் கிடைத்தவற்றில் எவை நின்றுபோகும், யார் முதலில் வர வேண்டும் என்பவைதான் மீதி வரிகள். குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த வரிகளில்தான்.

முதலில் சில சொற்கள்

பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். தோட்டத்துத் தனிவீட்டுத் திட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய 7 பேர்ச் என்பது சுமார் 1,905 சதுர அடி நிலம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் நடைமுறையில் உள்ள இடங்களில், வீடு கட்டப் பிரித்து விற்கும் துண்டு பொதுவாகக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் இருக்க வேண்டும்.

கண்டி ஓரம் என்று இங்கே சொல்வது கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, பல்லேகலை, திகன, வத்தேகம, பேராதனை, கெலிஓயா, பிலிமத்தலாவை வரை உள்ள வட்டத்தை. கம்பளை தனி நகரம்தான். ஆனாலும் தோட்டத்திலிருந்து வரும் குடும்பங்கள் அதையும் இதே பட்டியலில் வைத்துத்தான் பார்க்கிறார்கள், அதனால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா, அப்பாயி, கணவன், மனைவி, கணவனின் தம்பி, நான்கு பிள்ளைகள். மொத்தம் ஒன்பது பேர். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயது வரவில்லை.

தோட்டத்தில் காசு கொடுக்காமல் கிடைத்தவை

லயத்து வாழ்க்கையின் குறைகளை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆனால் இடம்மாறும் கணக்கைப் போடும்போது, அங்கே காசு கொடுக்காமல் கிடைத்தவற்றையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். வந்த பிறகு இவை ஒவ்வொன்றுக்கும் பில் வரும்.

1. தண்ணீர். ஊற்றிலிருந்து பைப்பில் வரும் தண்ணீருக்குத் தோட்டத்தில் மீட்டர் கிடையாது. நகர ஓரத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் மீட்டர் ஓடும். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் முறை அது. ஒன்பது பேர் குளித்துத் துவைக்கும் வீடு மேல் படிக்குச் சீக்கிரம் போய்விடும்.

2. கரண்ட். தோட்டத்தில் மூத்தவர்கள் ஒரு காம்பரா, பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள் பக்கத்துக் காம்பரா என்று பெரிய குடும்பம் இரண்டு மீட்டர்களில் பரவி இருப்பது வழக்கம். ஒரே வீட்டுக்குள் வந்தால் எல்லாருடைய பாவனையும் ஒரு மீட்டரில் விழும். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகைத் தாண்டும்போது கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. இரண்டு வீட்டில் தலா 50 அலகு எரிப்பதும், ஒரு வீட்டில் 100 அலகு எரிப்பதும் ஒரே செலவாகாது. வாடகைக்குப் பார்க்கும்போது மேல்மாடிக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேட்பது இதனால்தான்.

3. விறகு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறும் காய்ந்த சவுக்குக் கிளையும் அடுப்பைப் பார்த்துக்கொண்டன. நகரத்தில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர். ஒன்பது பேருக்கு மூன்று வேளை சமைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதை வருவதற்கு முன்பே ஒரு மாதம் சமைத்துப் பார்த்துவிடலாம்.

4. பிள்ளைக்காம்பரா. அம்மா கொழுந்துக்குப் போகும்போது கைப்பிள்ளையை விட்டுப்போக ஓர் இடம் இருந்தது. கண்டி ஓரத்தில் அதற்குப் பதில் காசு கட்டும் பகல்நேரப் பராமரிப்பு நிலையம், இல்லாவிட்டால் அப்பாயி. அப்பாயி உடன் வருகிறாரா இல்லையா என்பது மனைவி வேலைக்குப் போக முடியுமா என்பதையே தீர்மானிக்கும்.

5. மரக்கறிப் பாத்தி, மாடு, கோழி. இதிலிருந்து வரும் காசு எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லாததால் கணக்கில் விட்டுப்போகிறது. ஆனால் பல வீடுகளில் மாதக் கடைசியைத் தள்ளிக் கொடுப்பது இதுதான். 6 பேர்ச் நிலத்தில் வீட்டைக் கட்டிவிட்டால் கறிவேப்பிலை மரத்துக்குத்தான் இடம் மிஞ்சும்.

6. மரண உதவிச் சங்கம். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் பந்தலும் பெட்டியும் சாப்பாடும் சங்கத்தாலும் அக்கம்பக்கத்தாலும் நடந்துவிடும். குழி வெட்டத் தோட்டத்து மயானம் இருக்கிறது. புது இடத்தில் பிரதேச சபை மயானத்துக்கு அனுமதி எடுத்து, கட்டணம் கட்டி, எல்லாவற்றையும் குடும்பமே பார்க்க வேண்டும். வயதானவர்கள் வர மறுப்பதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் பல நேரம் இதுவே. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது.

மூன்று பாலமும் ஆறு பேரும்

கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கொழும்பு, கம்பளைப் பக்கத்து வாகனங்கள் பேராதனை வழியாக வருகின்றன. மாத்தளைப் பக்கம் கட்டுகஸ்தோட்டைப் பாலம். திகன, தெல்தெனியப் பக்கம் தென்னக்கும்புரப் பாலம். காலையில் பாடசாலை வான், அலுவலக பஸ், லொறி எல்லாமே இந்தச் சில வாசல்களில் வந்து நெரிக்கின்றன. ஆகவே ஓர் இடம் கண்டியிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்பதைவிட, காலை ஆறே முக்காலுக்கு அங்கிருந்து கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதே சரியான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காணி பார்க்கப் போனால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி காசுக் கணக்கு. நம் உதாரணக் குடும்பத்தில் கணவன், மனைவி, தம்பி, மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் தினமும் வெளியே போகிறார்கள். ஒரு வழிக்கு ஒருவருக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போகவர ஒரு நாளைக்கு 840 ரூபாய். மாதம் 22 நாளுக்கு 18,480 ரூபாய். இரண்டு பஸ் மாற வேண்டிய இடமாக இருந்து, இரண்டாவது பஸ்ஸுக்கும் இதே அளவு போனால் 36,960 ரூபாய். உள்ளே தள்ளிப் போய் வீடு எடுத்ததால் வாடகையில் பத்தாயிரம் மிச்சம் என்று நினைத்த குடும்பம், அந்த மிச்சத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கை பஸ்ஸுக்குக் கொடுத்துவிடும். இரண்டு பேர் வெளியே போகும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆறு பேர் போகும் வீட்டில் இதுதான் தீர்மானிக்கிறது.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் மாணவர் சீசன் டிக்கட் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சிசு சரிய பாடசாலை பஸ் சேவையும் இருக்கிறது. ஆனால் தனியார் பஸ்ஸில் அந்த சீசன் செல்லாது. அதனால் வீதியில் பஸ் ஓடுகிறது என்ற பதில் போதாது. காலையில் ஓடுவது போக்குவரத்துச் சபை (சி.டி.பி.) பஸ்ஸா தனியார் பஸ்ஸா என்றும் கேட்க வேண்டும். பேராதனை, கெலிஓயா, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம ஆகிய இடங்களுக்கு ரயில் பாதையும் உண்டு. டிட்வாவில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்ததைப் பார்த்த பிறகு, ரயிலை மட்டும் நம்பி வீடு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை எங்கே கிடைக்கும் என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. பல்லேகலையில் ஏற்றுமதிக் கைத்தொழில் வலயமும் மத்திய மாகாண சபை அலுவலகங்களும் இருக்கின்றன. வீட்டில் இரண்டு பேருக்கு அந்தப் பக்கம் வேலை என்றால் குண்டசாலை, திகனப் பக்கம் வீடு எடுப்பவர் தென்னக்கும்புரப் பாலத்தையே தாண்ட வேண்டியதில்லை. தாத்தாவுக்கு மாதா மாதம் கிளினிக் என்றால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ ஒரே பஸ்ஸில் போக முடிகிற இடம் வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய, கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை பழகாத ஒரு பெண்ணுக்கு ஆடைத் தொழிற்சாலையில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். அவருடைய சம்பளம் போவது குடும்பத்துக்கு ஒரு பெரிய இழப்பு. 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2026இல் 1,550 ரூபாயானது. 25 நாள் பேர் போட்டால், அதாவது வேலைக்குப் போனால், அது 38,750. தனியார் துறைக்கு 2026 ஜனவரியிலிருந்து சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. நகரத்துக்குப் போனால் சம்பளம் தானாகக் கூடும் என்ற எண்ணம் ஆரம்ப வேலைகளுக்குப் பொருந்தாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பாடசாலை: இடத்தைவிட வயது முக்கியம்

பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம் என்று சொல்லாத குடும்பம் இல்லை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

*தரம் 1.* அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையின்படி இடங்கள் பிரிக்கப்படுகின்றன. 50 சதவீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. 25 சதவீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 சதவீதம் ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மீதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்கள் போன்ற சிறு பிரிவுகளுக்கு. தோட்டத்திலிருந்து புதிதாக வரும் குடும்பத்துக்கு முதலில் திறந்திருக்கும் ஒரே கதவு அந்த 50 சதவீதம். அதற்குள்ளும் புள்ளிகள் இருக்கின்றன. வீட்டின் உறுதி (உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடமாகப் பெயர் இருக்கிறது, பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவே பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். வாக்காளர் இடாப்புக்கு முழுப் புள்ளி வேண்டுமென்றால் ஐந்து வருடப் பதிவு தேவை. அதாவது பிள்ளை பிறந்த வருடமே வந்து பதிந்திருந்தால்தான் தரம் 1க்கு முழுப் பலன். டிசம்பரில் வாடகைக்கு வந்து ஜனவரியில் பெயர் பெற்ற பாடசாலையில் சேர்க்கலாம் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால், அந்த வாக்கை நம்பி வீட்டை மாற்றக் கூடாது.

சகோதரர்களுக்கான 15 சதவீதம்தான் பெரிய குடும்பத்துக்குக் கிடைக்கும் அனுகூலம். ஒரு பிள்ளை நுழைந்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு வழி இலேசாகும்.

*தரம் 6உம் இடை வகுப்புகளும்.* தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை விண்ணப்பித்து வேறு மாவட்டத்துப் பாடசாலைக்குப் போகலாம். வீடு மாற இது நல்ல காலம். இடை வகுப்புகளில் வெற்றிடம் இருந்தால் மட்டுமே இடம் என்பதால், அதிபரைப் பார்த்து எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

*தமிழ்மொழி மூலம்.* கண்டி நகரத்திலும் கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிகளிலும் தமிழில் படிக்கலாம். ஆனால் காணி மலிவான பல உட்கிராமங்களில் பக்கத்துப் பாடசாலை சிங்களமொழி மூலம் மட்டுமே. தரம் 7இல் படிக்கும் பிள்ளையை அங்கே மொழி மாற்றிச் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். முதல் வகுப்புப் பிள்ளை எப்படியோ பழகிக்கொள்ளும், சாதாரண தரத்துக்கு நான்கு வருடம் இருக்கும் பிள்ளையால் முடியாது. மூன்று பிள்ளைகளும் மூன்று திசைக்குப் பஸ் ஏறினால் முந்தைய பகுதியில் பார்த்த செலவு திரும்பவும் ஏறும்.

*உயர்தரம்.* பலர் அறியாமல் இழப்பது இங்கேதான். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் சனத்தொகை விகிதப்படி. 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த வசதி குறைந்த மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி இல்லை. எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதைத் தீர்மானிப்பதில் உயர்தரத்துக்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பது முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்குக் கண்டி மாவட்டத்தின் இசட் வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) நுவரெலியாவினதைவிட உயரத்தில் நிற்பது வழக்கம். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை உயர்தரத்துக்கென்று கண்டிக்குக் கொண்டுவரும்போது, நல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைக்கும், அதே நேரம் மாவட்ட ஒதுக்கீட்டின் துணை போய்விடும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் உள்ள பாடசாலை கிடைத்தால், அந்தப் பிள்ளை உயர்தரத்தை முடிக்கும் வரை அங்கேயே ஒருவர் துணையோடு இருக்கட்டும் என்பதே என் கருத்து. அப்படி ஆசிரியரே இல்லையென்றால் ஒதுக்கீட்டை நினைத்துக்கொண்டு இருப்பதில் பயனில்லை, வந்துவிட வேண்டியதுதான்.

செக்ரோல் பேரை வெட்டுவதற்கு முன்

தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வரும் அவசரத்தில் கையில் வர வேண்டிய பணத்தைப் பலர் சரியாகக் கேட்டு வாங்குவதில்லை.

1. சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, குறைந்தது ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. தானாக விலகினாலும் உண்டு. 20 வருடம் வேலை செய்தவருக்கு 1,550 ரூபாய் வீதம் கணக்குப் போட்டால் 280 நாள், அதாவது 434,000 ரூபாய். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நாலரை வருடத்தில் பேரை வெட்டிக்கொள்பவர் இதை முழுதாக இழக்கிறார். ஆறு மாதம் பொறுத்தால் கிடைத்துவிடும்.

2. ஈ.பி.எப். தொழிலாளி 8 சதவீதமும் தோட்டம் 12 சதவீதமும் போடும் ஊழியர் சேமலாப நிதி, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கிடைக்கும். வேலையை விட்டதும் கைக்கு வரும் காசு என்று இதை நினைத்துக் காணி பேசக் கூடாது. பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, கணக்கில் மூன்று இலட்சமாவது இருப்பவர்கள், வேலையில் இருக்கும்போதே வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்க விண்ணப்பிக்கலாம். வேலையில் இருக்கும்போதே என்பதைக் கவனியுங்கள். பேரை வெட்டிய பிறகு இந்த வழியை நினைத்துப் பயனில்லை.

3. பெயர்ப் பிழை. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர். தோட்டங்களில் இது சகஜம். நிதியைக் கேட்கும் நாளில் இதே பிழை பல மாத அலைச்சலாக மாறும். தோட்டத்து அலுவலகத்தில் இன்னும் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போது கடிதம் வாங்கித் திருத்திக்கொள்வது எளிது.

4. வீடு. லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடும் வரை இருக்கலாம் என்பதே பல தோட்டங்களின் நடைமுறை. எல்லாரும் ஒரே நாளில் பேரை வெட்டினால் திரும்பி வர இடமிருக்காது. தனிவீட்டுத் திட்டத்தில் பெயர் இருந்தால், அல்லது வீடு ஏற்கெனவே கிடைத்திருந்தால், அதை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் கிளம்பக் கூடாது.

வாடகையா, காணியா?

ஒன்பது பேர் என்றதும் பல வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். தண்ணீர், மலக்குழி, சத்தம் என்று அவர்களுக்கும் கவலை. இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேராகக் குடியேறினால் மூன்றாம் மாதம் வெளியேறச் சொல்வார்கள், அதற்குள் பிள்ளைகளைச் சேர்த்திருப்போம். ஆட்களின் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை. ஒரு பெரிய வீட்டுக்குப் பதிலாக ஒரே வீதியில் இரண்டு சின்ன வீடுகள் எடுப்பதும் நல்ல யோசனைதான். மீட்டர் இரண்டாகும், மூத்தவர்களுக்கும் கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

வந்த உடனே காணி வாங்குவதற்கு எதிராகவே நான் நிற்கிறேன். ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து, ஒரு மழைக்காலத்தை அந்த மண்ணில் பார்த்த பிறகு வாங்கலாம். காணி மலிவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் கீழ்வரும் நான்கில் ஒன்று.

*உறுதி.* சின்னக்கர உறுதி என்றால் முழு உரிமை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அதை நொத்தாரிசு கையொப்பத்தோடு ஒரு கடதாசியில் எழுதித் தந்தாலும் உரிமை வராது. பிரிக்கப்படாத பங்கு என்றால் உங்கள் துண்டு எது என்பதே சட்டப்படி தீர்மானமாகவில்லை. காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடிப் பார்க்கும் சட்டத்தரணியை, விற்பவரோ தரகரோ காட்டாமல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

*வழி.* வரைபடத்தில் பாதை இருக்கிறதா, அது எத்தனை அடி, யாருடைய காணிக்குள்ளால் போகிறது? பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்தால் தெரியும்.

*மண்.* கண்டியும் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் ஒன்று. மலைச்சரிவை விட்டு ஓடி வந்து இன்னொரு மலைச்சரிவில் வீடு கட்டுவது நடக்கவே கூடாத ஒன்று. இந்த மாவட்டங்களில் அபாயப் பகுதியில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். காணிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதை விசாரிக்க வேண்டும், கொடுத்த பிறகு விசாரித்துப் பயனில்லை. நேரில் போகும்போது பார்க்க வேண்டியவை: சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டா, மேலே உள்ள வீட்டுச் சுவரில் வெடிப்பு உண்டா, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருக்கின்றனவா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுத் தண்ணீர் கசிகிறதா. 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் மீரியபெத்தையில் என்ன நடந்தது என்பதை மலையகத்துக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. சமதரை என்பதற்காக ஆற்றோரத்தை எடுப்பவர்கள் வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். டிட்வா நாட்களில் கம்பளைக்குள் மகாவலி எந்த மட்டம் வரை ஏறியது என்பதை அந்த வீதியில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால் சுவரைக் காட்டிச் சொல்வார்.

*தண்ணீரும் மலக்குழியும்.* பைப் லைன் இல்லாத இடத்தில் கிணறு வெட்ட வேண்டும். 6 பேர்ச்சில் ஒன்பது பேருக்கான மலக்குழியையும் கிணற்றையும் போதிய தூரம் விட்டு அமைப்பது சிரமம். பக்கத்துத் துண்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்கு எத்தனை அடியில் என்பதையும் அளக்க வேண்டும்.

விலைக்கு மேல் போகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைமாற்றும்போது முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 40 இலட்சம் ரூபாய்க் காணிக்கு 159,000 ரூபாய். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணமும் நில அளவையாளர் செலவும் வரும்.

பதிவுகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வந்த முதல் வாரத்தில் புது கிராம உத்தியோகத்தரைப் பார்த்துக் குடியிருப்பைப் பதிய வேண்டும். அதிலிருந்துதான் வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை முகவரி, பாடசாலை, எல்லாம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கும் குடும்பம் பழைய பிரதேச செயலகத்திலும் புதியதிலும் விபரத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொடுப்பனவு நடுவில் நிற்கலாம். தாத்தாவின் கிளினிக் புத்தகத்தையும் மாற்றுக் கடிதத்தையும் பழைய வைத்தியசாலையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவத்தைக் கேட்கலாம். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி.

யார் முதலில்?

ஒன்பது பேரும் ஒரே லொறியில் ஏறி வருவதைவிட, மூன்று கட்டமாக வருவது பாதுகாப்பானது.

முதல் ஆறு மாதம் தம்பி மட்டும், அல்லது தம்பியும் கணவனும். அறை எடுத்துத் தங்கி வேலையை உறுதி செய்வது, திங்கட்கிழமைக் காலைப் பஸ்ஸில் போய்ப் பார்ப்பது, பாடசாலைகளில் விசாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. இந்தக் காலத்தில் மனைவியின் பேர் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் பாடசாலை ஆண்டு தொடங்கும்போது. எந்தப் பிள்ளை மாறலாம், எது இருந்து முடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நான்கு பேரையும் ஒரே மாதிரி நடத்துவது நியாயமாகத் தோன்றும், ஆனால் உயர்தரத்துக்கு ஒரு வருடம் இருக்கும் பிள்ளைக்கும் தரம் 3 பிள்ளைக்கும் ஒரே முடிவு சரிவராது. மனைவியும் சிறிய பிள்ளைகளும் இந்தக் கட்டத்தில் வருகிறார்கள். அப்பாயி வந்தால்தான் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டு, தாத்தா தனியாகிவிடுவார். இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் சண்டை வருகிறது. முன்கூட்டியே இருவரையும் உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள். இருவரையும் இரண்டு வாரம் புது வீட்டில் தங்க வைத்து, கோவிலுக்கும் வைத்தியசாலைக்கும் அவர்களாகவே போய்வர முடிகிறதா என்று பார்த்த பிறகு அவர்கள் சொல்லும் பதில் வேறாக இருக்கலாம்.

மூத்தவர்களும், உயர்தரத்தை முடிக்கும் பிள்ளையும் கடைசிக் கட்டம். அதுவரை லயத்துக் காம்பராவோ தனிவீடோ பூட்டாமல் இருக்கட்டும், ஒருவரின் பேராவது செக்ரோலில் ஓடட்டும். புது இடத்தில் ஒரு முழு வருடத்தின் கரண்ட் பில், தண்ணீர் பில், பஸ் காசு, பிள்ளைகளின் மூன்று தவணைப் பெறுபேறு ஆகியவை கையில் வந்த பிறகு அந்தக் கடைசிப் பேரை வெட்டுவதா என்று முடிவெடுக்கலாம்.